அப்பாவின் டெக்கும் மகனின் ரிசீவரும்

கேள்வி:

அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகிறது. அவர் பாவித்த சாமான்கள் முன் அறையில் அப்படியே இருக்கின்றன. ஒரு விஎச்எஸ் டெக், பழைய டிவிடி பிளேயர், கசெற் டெக், ரெக்கோர்ட் பிளேயர், இடுப்பு உயரத்தில் இரண்டு வார்ஃப்டேல் ஸ்பீக்கர். ஐந்து சின்ன ஸ்பீக்கரும் ஒரு பாஸ் பெட்டியுமாக வந்த ஹோம் தியேட்டர் செற் ஒன்றும் உண்டு. அதன் பிளேயர் பழுது, ஸ்பீக்கர்கள் நல்லம். மகன் புதிதாக ஒரு ரிசீவர் வாங்கி வந்து, "எல்லாத்தையும் இதில போடலாம் அம்மா" என்றான். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எச்டிஎம்ஐ துளைகள்தான் வரிசையாக இருக்கின்றன. மஞ்சள் துளை ஒன்றுகூட இல்லை, ஸ்கார்ட்டும் இல்லை. சிவப்பும் வெள்ளையும் மட்டும் மூன்று சோடி.

யாழ்ப்பாணத்தில் எடுத்த என் கலியாணக் கசெற், டொரொன்டோவில் இருந்து தம்பி அனுப்பியவை, பாரிஸில் சின்னம்மா வீட்டுச் சாமத்தியச் சடங்கு, எல்லாம் விஎச்எஸ்தான். அப்பா பிபிசி தமிழோசையில் இருந்து பதிந்த ஓடியோ கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய. ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் மூன்று நிற முனை இருக்கிற வயர் ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தோம், படம் வரவில்லை. அம்மாவுக்கு 78 வயது. ஒரு பொத்தான் அழுத்தினால் படம் வர வேண்டும் என்கிறா. மகனோ எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு யூரியூப்பில் பார்க்கலாம் என்கிறான். என்ன செய்யட்டும்?

வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்:

கொடுத்துவிட வேண்டாம். உங்கள் கலியாணம் யூடியூபில் இல்லை.

ஆனால் "எல்லாத்தையும் இதில போடலாம்" என்று மகன் சொன்னதும் பாதிதான் சரி. உங்களிடம் உள்ள எல்லாக் கருவிகளின் ஒலியையும் இந்த ரிசீவரில் போடலாம். பழைய கருவிகளின் படத்தை நேரடியாகப் போட முடியாது. படம் ஒரு வழி, ஒலி ஒரு வழி என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மீதி எல்லாம் வயர் வேலைதான்.

2005 வாக்கில் விற்ற ஒரு ரிசீவரின் பின்பக்கத்தைப் பார்த்தால் மஞ்சள் துளை, எஸ்-வீடியோ, பச்சை நீலம் சிவப்புக் கம்போனென்ட் துளைகள் என்று இடமே இருக்காது. அந்தக் கால ரிசீவர்களில் சில பழைய படத்தை உள்ளேயே எச்டிஎம்ஐ ஆக மாற்றியும் கொடுத்தன. அந்த வேலைக்கு உள்ளே தனிச் சுற்று வேண்டும், அதற்குச் செலவு உண்டு. கூடவே ப்ளூ-ரே வட்டுகளின் பூட்டை நிர்வகிக்கும் ஒப்பந்தம் வந்து சேர்ந்தது. 2011 முதல் புதிதாகத் தயாரிக்கும் பிளேயர்கள் அனலாக் வழியில் உயர்தரப் படம் தரக் கூடாது என்றார்கள். 2014 முதல் அனலாக் படமே கூடாது என்றார்கள். புதிய பிளேயரில் மஞ்சள் துளை இல்லாதபோது ரிசீவரில் எதற்கு என்று தயாரிப்பாளர்கள் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் சில மலிவு ரிசீவர்களில் மஞ்சள் துளை ஒன்று இருக்கும். ஆனால் மஞ்சளில் போனது மஞ்சளில்தான் வெளியே வரும், எச்டிஎம்ஐ பக்கம் வராது. அதனால் மகனின் தேர்வில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒலிக்கான சிவப்பு வெள்ளைச் சோடி மூன்று இருப்பது உங்கள் வீட்டுக்கு அதிர்ஷ்டமே.

நீங்கள் வாங்கிய வயரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த மாதிரி வெறும் வயர் எந்த வீட்டிலும் வேலை செய்யாது. டெக்கில் இருந்து வருவது அனலாக் அலை. எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் எண்கள். நடுவில் மின்சாரம் எடுத்து மாற்றிக் கொடுக்கும் ஒரு பெட்டி இல்லாமல் ஒன்று மற்றொன்று ஆகாது. இணையத்தில் வாங்கியிருந்தால், பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யும் உரிமை இந்த நாட்டில் உண்டு.

இனி டெக். லண்டனில் வாங்கிய டெக் என்றால் பின்னால் 21 முனை கொண்ட அகலமான ஸ்கார்ட் துளை இருக்கும். பிரான்ஸில் பிறந்த இணைப்பு அது. 1980 முதல் அங்கே விற்ற டிவிகளில் கட்டாயமாகி, பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. கடையில் "ஸ்கார்ட்டில் இருந்து எச்டிஎம்ஐ" பெட்டி என்று கேட்டு வாங்குங்கள். திசை முக்கியம். "எச்டிஎம்ஐயில் இருந்து ஸ்கார்ட்" என்று இன்னொன்று பார்ப்பதற்கு அதே மாதிரி விற்கிறது. அது நேர் எதிர் வேலைக்கானது. இதை மாற்றி வாங்கிவிட்டு டெக் பழுது என்று எறிந்தவர்கள் நிறையப் பேர். மஞ்சள் துளை வழியே இணைப்பதானால், அப்பாவின் சாமான்களுக்குள், ஸ்கார்ட்டில் செருகினால் மஞ்சள் வெள்ளை சிவப்பு துளை தரும் தட்டையான அடாப்டர் ஒன்று கட்டாயம் கிடக்கும். அதன் பக்கவாட்டில் உள்ளே, வெளியே என்று ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். டெக்கில் இருந்து படம் எடுப்பதானால் அது "வெளியே" பக்கம் இருக்க வேண்டும். அந்தச் சுவிட்ச் தவறான பக்கம் இருந்தால் டெக் என்ன ஓடினாலும் திரை கறுப்புத்தான்.

மாற்றுப் பெட்டியின் எச்டிஎம்ஐயை ரிசீவரின் ஓர் எச்டிஎம்ஐ உள்ளீட்டில் கொடுங்கள். படமும் ஒலியும் ஒன்றாகவே போய்விடும். டிவியில் மஞ்சள் துளை இருந்தால் படத்தை நேரே அங்கே கொடுத்து, ஒலியை மட்டும் ரிசீவரின் சிவப்பு வெள்ளையில் கொடுக்கலாம். படம் சற்று இயல்பாகக்கூட இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் டிவியில் ஒரு தேர்வு, ரிசீவரில் ஒரு தேர்வு என்று இரண்டு ரிமோட் தேட வேண்டும். 78 வயது அம்மாவுக்கு அது சரிவராது. மாற்றுப் பெட்டி வழியே போங்கள். பெட்டிக்கு மின்சாரம் யுஎஸ்பி வயரில் வரும். அதை டிவியின் யுஎஸ்பி துளையில் செருகாமல் தனி அடாப்டரில் போடுங்கள், நிலையாக இருக்கும்.

படம் வந்ததும் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். கலியாணம் எடுத்த காலத்தில் திரை நாலுக்கு மூன்று அளவு. இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. மலிவான பெட்டிகள் படத்தை இழுத்துத் திரை முழுக்கப் பரப்பிவிடும். டிவியின் பட அளவை நாலுக்கு மூன்று என்று மாற்றினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்து, மாப்பிள்ளை பழைய உடம்புக்குத் திரும்புவார். பெட்டியில் 50, 60 என்று ஒரு தேர்வு இருந்தால் யாழ்ப்பாணத்துக் கேசட்டுக்கு 50 வையுங்கள். 60இல் விட்டால் காமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தடுக்கித் தடுக்கிப் போகும்.

ஆன்டெனா வயரை டெக்கில் செருகி நிகழ்ச்சி பதியலாம் என்று அம்மா நினைத்தால் அது மட்டும் முடியாது. லண்டனுக்கு ஒளிபரப்பும் கிரிஸ்டல் பேலஸ் கோபுரம் 2012 ஏப்ரல் 18 அன்று அனலாக் ஒளிபரப்பை முழுதாக நிறுத்திவிட்டது. டெக்குக்குள் இருக்கும் டியூனர் அன்றோடு வேலை இழந்தது.

உங்கள் குடும்பக் கேசட்டுகள் மூன்று நாடுகளில் இருந்து வந்தவை என்பதுதான் கடிதத்தில் என்னை நிமிர வைத்த இடம். இலங்கை, இந்தியா, பிரிட்டன் மூன்றிலும் பால் முறை. 625 கோடு, நொடிக்கு 25 படம். யாழ்ப்பாணத்துக் கலியாணம் லண்டன் டெக்கில் சிக்கல் இல்லாமல் ஓடும். கனடாவில் என்டிஎஸ்சி, 525 கோடு, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். 90களில் இங்கே விற்ற பல டெக்குகள் என்டிஎஸ்சி கேசட்டையும் ஓட்டும், ஆனால் வெளியே வருவது முழு என்டிஎஸ்சியும் அல்ல, முழுப் பாலும் அல்ல, இரண்டும் கலந்த ஒன்று. அந்தக் காலத்து டிவிகள் அதை ஏற்றுக்கொண்டன. இன்றைய மாற்றுப் பெட்டிகளில் சில ஏற்கும், சில கறுப்பு வெள்ளையில் காட்டும், சில உருட்டும். தம்பி ஒரே கேசட்டில் ஆறு மணி நேரம் அடக்கும் மெதுவான வேகத்தில் பதிந்திருந்தால் எல்லா டெக்கிலும் ஓடாது. பிரான்ஸ் செகாம். கோடும் வேகமும் பால் மாதிரியே, நிறத்தைப் பதியும் விதம்தான் வேறு. ஆகவே பாரிஸ் சடங்கு உங்கள் டெக்கில் ஒழுங்காக ஓடும், பட்டுச் சேலைகள் மட்டும் சாம்பல் நிறத்தில் தெரியும். கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நிறம் நாடாவில் இருக்கிறது, உங்கள் டெக்குக்குத்தான் வாசிக்கத் தெரியாது. சடங்கை எடுத்த வீடியோக்காரர் பால் காமராவில் எடுத்திருந்தால் நிறத்தோடே வரும்.

இந்த மூன்று முறைகளையும் ஓட்டக்கூடிய டெக் ஒன்று தேடி வாங்கலாமா? என் அபிப்பிராயத்தில் வேண்டாம். வீட்டில் புதிதாக இன்னொரு பழைய டெக்கைச் சேர்ப்பதைவிட, டொரொன்டோ, பாரிஸ் கேசட்டுகளை மட்டும் பதிவு மாற்றிக் கொடுக்கும் கடைக்கு அனுப்புங்கள். என்டிஎஸ்சி, செகாம் இரண்டும் செய்வார்களா என்று முதலே கேளுங்கள்.

சொல்லப்போனால் யாழ்ப்பாணக் கேசட்டையும் ரிசீவரில் போட்டு ரசிப்பதற்கு முன் டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். உலகில் கடைசியாக விஎச்எஸ் டெக் தயாரித்த ஜப்பானிய நிறுவனம் ஃபுனாய். 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்றைக்கு இருக்கும் டெக்குகள்தான் இனி என்றைக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வார் இளகி ஒட்டும், உருளை கெட்டிப்படும். ஒரு வருடமாக ஓடாத டெக்கில் முதலில் கலியாணக் கேசட்டைப் போடவே போடாதீர்கள். போனாலும் கவலையில்லாத ஏதாவது ஒரு படக் கேசட்டை வைத்து, முன்னே பின்னே ஓட்டி, நாடாவைத் தின்னாமல் வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு குடும்பக் கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி மாதிரியோ புள்ளியாகவோ தெரிந்தால் அது பூஞ்சணம். உள்ளே விட்டால் டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அதைக் கடைக்காரரிடம் தனியாகக் கொடுங்கள். கேசட்டின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை யாராவது பதியும் பொத்தானைத் தவறி அழுத்தினால் தாலி கட்டும் இடத்தில் வெறும் திரை பதிவாகிவிடும்.

வீட்டிலேயே மாற்றுவதானால் டெக்கின் மஞ்சள் வெள்ளை சிவப்பை யுஎஸ்பி பதிவுக் கருவி ஒன்றில் கொடுத்துக் கணினியில் சேமிக்கலாம். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. மகனின் ஞாயிற்றுக்கிழமைகள் சில போகும். கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு, டிவியின் யுஎஸ்பி துளையில் ஒரு பிரதியைச் செருகிவிட்டால் அம்மா கேட்ட ஒரு பொத்தான் அதுவே. மாற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆடியோ கேசட்டுகளை இன்னும் பெரிதாக நினைக்கிறேன். தமிழோசை 1941 மே 3 அன்று லண்டனில் இருந்து தொடங்கி, 2017 ஏப்ரல் 30 அன்று வானொலியில் ஓய்ந்தது. அதன் அன்றாட நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் யாரோ பத்திரமாக வைத்திருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். பிரிட்டிஷ் நூலகம் 2015இல் ஒலிப்பதிவுகளைக் காப்பாற்றும் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடாக்களும் அவற்றை ஓட்டும் கருவிகளும் அழிவதற்குள் ஏறக்குறைய 15 வருடம்தான் இருக்கிறது என்று எச்சரித்தது. கணக்குப் பாருங்கள். அப்பா கேசட் உறையில் தேதி எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துக் கோப்போடு வையுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்துகிறது. உங்களிடம் உள்ளவற்றின் பட்டியலை அவர்களுக்கு எழுதிப் போடலாம்.

கேசட் டெக்கை ரிசீவரில் இணைப்பது எளிது. வெளியீட்டின் சிவப்பு வெள்ளையை ரிசீவரின் ஒரு சோடியில் செருகினால் முடிந்தது. அந்தச் சோடிக்கு சிடி என்று பெயர் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் செருகாதீர்கள். டெக் 70களின் ஜெர்மன், டச்சுக் கருவி என்றால் சிவப்பு வெள்ளைக்குப் பதில் வட்டமான ஐந்து முனைத் துளை இருக்கலாம். அதற்கு டின் வயர் என்று கேட்டால் கிடைக்கும். பதியும்போது டால்பி பி போட்டிருந்தால் ஓட்டும்போதும் அதே பொத்தானைப் போடுங்கள், இல்லாவிட்டால் குரல் கீச்சென்று வரும்.

ரெக்கார்ட் பிளேயரில்தான் பலர் இடறுவது. ஊசியில் இருந்து வருவது ஐந்து மில்லிவோல்ட் போல. சிடி பிளேயர் தருவது இரண்டு வோல்ட் வரை. அளவு மட்டுமல்ல, தட்டில் பதியும்போதே கனத்த ஒலியைக் குறைத்து, மெல்லிய ஒலியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்தில் அவ்வளவு பாட்டு அடங்காது. 50களின் நடுவில் இருந்து இதற்கு ஆர்ஐஏஏ என்ற ஒரே அளவுகோல். இரண்டையும் நேராக்கித் தருவதுதான் ஃபோனோ உள்ளீடு. ரிசீவரில் ஃபோனோ என்று எழுதிய சோடி இருந்தால் பிளேயரை அங்கே செருகி, அதன் மெல்லிய தரை வயரைப் பக்கத்தில் உள்ள திருகில் கட்டுங்கள். கட்டாவிட்டால் உம்மென்ற இரைச்சல் கூடவே வரும். ஃபோனோ இல்லையென்றால் சின்ன ஃபோனோ பெருக்கி ஒன்றை நடுவில் போட வேண்டும். சாதாரணச் சோடியில் நேரே செருகினால் சுசீலாவே ஆனாலும் கொசு பாடுவது போல்தான் கேட்கும். ஊசி எத்தனை வருடப் பழையது என்று தெரியாவிட்டால் புது ஊசி போடாமல் நல்ல தட்டை வைக்காதீர்கள். 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் அவற்றின் பள்ளம் அகலம். அதற்கு ஊசியே வேறு.

டிவிடி பிளேயரில் எச்டிஎம்ஐ இருந்தால் பேச்சே இல்லை. இல்லாவிட்டால் படத்துக்கு ஸ்கார்ட், ஒலிக்கு அதன் பின்னால் உள்ள ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் துளை. தமிழ்ப் பட டிவிடிகள் பல என்டிஎஸ்சியில் வந்தவை. மாற்றுப் பெட்டியை அப்போது 60க்கு மாற்றலாம். இவற்றில் டால்பி 5.1, டிடிஎஸ் என்று இரண்டு ஒலித்தடம் இருக்கும். டிடிஎஸ்ஸைத் தேர்ந்ததும் படம் ஊமையாகிவிடுகிறது என்று எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். பல பிளேயர்களில் டிடிஎஸ் வெளியீடு மூடியே வரும். அமைப்புப் பட்டியலில் டிஜிட்டல் ஒலியை பிட்ஸ்ட்ரீம் என்று வைத்து, டிடிஎஸ்ஸைத் திறந்துவிடுங்கள். பிசிஎம் என்று வைத்தால், ஒலி வந்தாலும் ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரிந்து வராது.

ஸ்பீக்கருக்கு வருவோம். வார்ஃப்டேல் 1932இல் யார்க்ஷயரில் தொடங்கிய நிறுவனம். அப்பா நல்லதைத்தான் வாங்கியிருக்கிறார். முன்பக்கத் துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பர் என்றால் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஃபோம் என்றால் பொடிந்து கையோடு வரக்கூடும். அதை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கரை எறிய வேண்டாம். பின்னால் 8 ஓம் அல்லது 6 ஓம் என்று எழுதியிருந்தால் எந்த ரிசீவரும் ஓட்டும். செற்றில் வந்த சின்ன ஸ்பீக்கர்களின் பின்னாலும் பாருங்கள். அந்த மாதிரிச் செற்றுகளில் 3 ஓம், 4 ஓம் என்று வரும். ரிசீவர் 6 ஓமுக்குக் கீழே வேண்டாம் என்று சொன்னால் கேளுங்கள். சத்தம் கூட்டும்போது சூடாகி அணைந்துவிடும். அந்தப் பாஸ் பெட்டிக்குத் தனி மின்சார வயர் இல்லையென்றால் அதற்குள் பெருக்கி இல்லை என்று அர்த்தம். ரிசீவரின் சப்வூஃபர் துளை தருவது பெருக்காத ஒலி, அது அந்தப் பெட்டியை அசைக்காது. இடுப்பு உயர வார்ஃப்டேல் இருக்கும் வீட்டில் அது இல்லாததைக் கவனிக்கவும் மாட்டீர்கள்.

ரிசீவரை மின்சாரத்தில் இருந்து கழற்றிவிட்டு வயர் கட்டுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்று மாறினால் பாஸ் காணாமல் போகும், பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. செம்பு இழை ஒன்று பக்கத்து முனையைத் தொட்டாலும் ரிசீவர் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். வாழைப்பழ பிளக் வாங்கி, அதைச் செருகத் துளையே இல்லை என்று மகன் திகைத்தால், திருகின் நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதை நெம்பி எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் சுவர் பிளக்கில் அந்த முனை போய்விடும் என்ற பயத்தில் இங்கே விற்கும் ரிசீவர்களுக்கு மூடி போட்டு அனுப்புகிறார்கள்.

இனி மகன் செய்ய வேண்டிய வேலை. ரிசீவரோடு வந்த சின்ன மைக்கை அம்மா உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைத்து, எல்லோரும் வாய் மூடி, தானாக அளக்கும் வேலையை ஓடவிடுங்கள். முடிந்ததும் பட்டியலைப் பாருங்கள். நடு ஸ்பீக்கர் கட்டவில்லை என்றால் நடுவில் "இல்லை" என்று இருக்க வேண்டும். "உண்டு" என்று இருந்தால் படத்தில் பின்னணி இசை முழங்கும், வசனம் மட்டும் கேட்காது, ஏனென்றால் 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகிறது. அம்மாவுக்குக் காது மந்தம் என்றால் சின்ன ஸ்பீக்கர்களில் ஒன்றை, ஓம் ஒத்துவந்தால், டிவிக்குக் கீழே நடுவில் வைத்து அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் கூட்டுங்கள். ஹால், ஸ்டேடியம், ஜாஸ் கிளப் என்று ரிசீவரில் இருக்கும் அலங்காரங்களைத் தொடவே வேண்டாம். பழைய கேசட்டுக்கும் தட்டுக்கும் ஸ்டீரியோ. படத்துக்கு டால்பி சரவுண்ட். அவ்வளவுதான்.

டிவியின் ஒலி ரிசீவருக்கு வர, ரிசீவரின் எச்டிஎம்ஐ வெளியீட்டை டிவியில் ஆர்க் என்று எழுதிய துளையில்தான் செருக வேண்டும்; மற்றத் துளைகளில் செருகினால் படம் போகும், ஒலி திரும்பி வராது. ஆர்க் 2009இல் வந்தது. அதற்கு முந்திய டிவி என்றால் ஆப்டிகல் வயர் ஒன்று கூடுதலாக. ஒன்றைப் போட்டால் மற்றதும் விழிக்கும் வசதியை டிவியில் திறந்துவிடுங்கள். சாம்சங் அதை எனிநெட் என்கிறது, எல்ஜி சிம்ப்லிங்க், சோனி பிராவியா சிங்க். உதடும் குரலும் ஒட்டாமல் போனால் டிவியில் கேம் மோட் போட்டுப் பாருங்கள். தீராவிட்டால் ரிசீவரில் ஒலியைத் தாமதிக்கும் அளவைக் கூட்டுங்கள்.

ஈஸ்ட் ஹாமின் ஒட்டு வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஸ்பீக்கரை அந்தப் பொதுச் சுவரில் முட்டவிடாமல் தள்ளி வையுங்கள். இரவு 11 முதல் காலை 7 வரை சத்தம் எல்லை மீறினால் 1996ஆம் ஆண்டின் சத்தச் சட்டப்படி கவுன்சில் 110 பவுண்ட் வரை அபராதம் போடலாம். ரிசீவரில் இரவு முறை என்று ஒன்று உண்டு. வெடிச் சத்தத்தைத் தாழ்த்தி வசனத்தைத் தூக்கிக் கொடுக்கும். அம்மாவின் பின்னேரச் சீரியலுக்கும் அதுவே நல்லது.

டோட்டன்ஹாம் கோர்ட் ரோடில் கடை கடையாக ஏறி இறங்கி வயர் வாங்கிய காலம் போய்விட்டது. ஸ்கார்ட் வயர் என்றாலே எல்லோரும் ஓடிய மேப்லின் தன் கடைகளை 2018இல் மூடிவிட்டது. மாற்றுப் பெட்டி, ஃபோனோ பெருக்கி, வயர்கள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. ஸ்பீக்கரைக் காட்டிக் கேட்க ஆள் வேண்டுமென்றால் லண்டன் பிரிட்ஜில் 1978இல் தொடங்கிய ரிச்சர் சவுண்ட்ஸ் போன்ற கடைகள் இன்னும் உண்டு. மாற்றுப் பெட்டி மிக மலிவானதை வாங்காதீர்கள். இருபது, முப்பது பவுண்ட் கொடுக்கலாம். நூறு கொடுக்கத் தேவையில்லை. எச்டிஎம்ஐ வயருக்குப் பெரிய காசு கேட்டால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். பழுதான செற் பிளேயரையும் அந்தப் பாஸ் பெட்டியையும் பார்க்கிங்கில் உள்ள ஜென்கின்ஸ் லேன் மறுசுழற்சி நிலையத்தில் கொடுக்கலாம். மகன் எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அவை இரண்டும் போதும்.

டெக்கின் ரிமோட் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. கேசட் ஓடும்போது படத்தில் கோடு கோடாக வந்தால், பெரும்பாலான டெக்குகளில் முன்பக்கத்து சானல் பொத்தான்களே ட்ராக்கிங்கைச் சரிசெய்யும். கோடு மறையும்வரை மேலோ கீழோ அழுத்தச் சொல்லுங்கள். அம்மாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.